கடல் கடந்து கற்ற மருத்துவம்

1883-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24-ஆம் நாள். கல்கத்தாவுக்குச் சற்று வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள செராம்பூரில், 1818-இல் நிறுவப்பட்ட கல்லூரியின் மண்டபத்தில் மக்கள் கூடியிருந்தனர். அவர்கள் முன் எழுந்து நின்றவர், பதினெட்டு வயதுகூட நிறையாத ஒரு மராட்டியப் பெண். நல்ல குடும்பத்துப் பெண்கள் அயலார் முன் முகம் காட்டுவதே அரிதாக இருந்த காலம் அது. இந்தப் பெண்ணோ ஆங்கிலத்தில் உரை நிகழ்த்த வந்திருந்தார். மருத்துவம் கற்பதற்காகத் தாம் அமெரிக்கா செல்லப் போவதாகவும், கணவர் உடன் வராமல் தனியாகவே செல்லப் போவதாகவும் அவர் அறிவித்தார்.

அவர் பெயர் ஆனந்திபாய் ஜோஷி. மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகள் இருவரில் ஒருவர். 1886-இல் அவர் அமெரிக்காவில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கல்கத்தாவில் காதம்பினி கங்குலி அம்மையாரும் மருத்துவரானார். இருவரில் முந்தியவர் யார் என்ற வாதம் இன்றும் நடப்பதுண்டு. அது நமக்கு முக்கியமன்று. காதம்பினி அம்மையார் பல ஆண்டுகள் மருத்துவத் தொழில் செய்தார். ஆனந்திபாயோ ஒரு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பேற்க அழைக்கப்பட்டும், அதை ஏற்கும் முன்பே மறைந்தார். ஆகவே அவருடைய வாழ்வு ஏறக்குறைய முழுவதுமே ஒரு மருத்துவ மாணவியின் வாழ்வு. மருத்துவக் கல்வி எங்கே தொடங்குகிறது, யாருக்காகக் கற்கப்படுகிறது என்று எண்ணிப் பார்க்க விரும்பும் எவருக்கும், குறிப்பாக இன்று மருத்துவக் கல்லூரிகளில் பயிலும் நம் இளைஞர்களுக்கு, அந்தக் குறுகிய வாழ்வில் நிறைய இருக்கிறது.

யமுனா ஆனந்தி ஆனாள்

பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாண் என்னும் ஊரில் ஒரு சித்பாவன அந்தணக் குடும்பம் வாழ்ந்து வந்தது. ஒரு காலத்தில் நிலபுலன்களோடு செழித்திருந்து, பின்னர் நொடித்துப்போன குடும்பம். அந்தக் குடும்பத்தில் 1865-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் பிறந்த பெண் குழந்தைக்கு யமுனா என்று பெயரிட்டனர். ஒன்பதாம் வயதில் அவளுக்குத் திருமணம் நடந்தது. மணமகன் கோபால்ராவ் ஜோஷி, அஞ்சல் துறையில் எழுத்தர். முதல் மனைவியை இழந்தவர். யமுனாவைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர். திருமணத்துக்கு அவர் விதித்த நிபந்தனை விசித்திரமானது. மனைவிக்குத் தாம் கல்வி கற்பிப்பதை எவரும் தடுக்கக் கூடாது என்றார் அவர். திருமணத்துக்குப் பின் மராட்டிய வழக்கப்படி மணமகளின் பெயர் மாறியது. யமுனா ஆனந்தி ஆனாள்.

கோபால்ராவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒரு பாதையில் போய்விடுகிறார்கள். பெண் கல்விக்குப் பாடுபட்ட உத்தமர் என்று சிலர் புகழ்வர். கொடுங்கோலர் என்று சிலர் இகழ்வர். உண்மையில் அவர் இரண்டுமாக இருந்தார். அவர் இல்லையேல் ஆனந்தி எழுத்தறிவே பெற்றிருக்க மாட்டார். மற்ற வீடுகளில் சமையல் கெட்டுப்போனால் மனைவி அடிவாங்குவாள்; இவர் வீட்டில் பாடத்தை விட்டு அடுக்களைக்குப் போனதற்காக மனைவி அடிவாங்கினாள் என்று சொல்வார்கள். இது வேடிக்கையாகச் சொல்லப்படும் கதையன்று. பின்னாளில் அமெரிக்காவிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதத்தில், பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பதினான்கு வயதிலும் தாம் அனுபவித்த தண்டனைகள் அந்தந்த வயதின் உடலுக்கும் உள்ளத்துக்கும் மிகக் கடுமையானவை என்று ஆனந்திபாய் வெளிப்படையாகவே சுட்டிக்காட்டினார். அதே கணவருக்குத் தாம் பட்டிருக்கும் கடனையும் அவர் மறுத்ததில்லை. நன்றியும் நியாயமும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதை அந்தக் கடிதத்தில் காண்கிறோம். கல்வி நல்லது என்பதற்காக அதைப் புகட்டிய பிரம்பையும் நல்லது என்று சொல்ல வேண்டிய அவசியம் நமக்கில்லை.

அஞ்சல் துறைப் பணி காரணமாகக் கோபால்ராவ் ஊர் ஊராக மாற்றப்பட்டார். அலிபாக், கோலாப்பூர், பம்பாய், கல்கத்தா என்று மாறிய ஒவ்வோர் ஊரிலும் ஆனந்தியின் படிப்பு தொடர்ந்தது. பம்பாயில் அவர் ஒரு மிஷன் பள்ளிக்குச் சென்று வந்தார். புத்தகத்தை ஏந்தித் தெருவில் நடந்து செல்லும் அந்தணப் பெண்ணைக் கண்டு வழிப்போக்கர்கள் சூழ்ந்துகொண்டு சிரித்தனர். திண்ணையில் அமர்ந்திருந்த கனவான்கள் சிறு கற்களை எறிந்தனர். கடைக்காரர்கள் காறித் துப்பினர்.

பத்து நாட்கள்

பதினான்காம் வயதில் ஆனந்தி ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானார். குழந்தை பத்து நாட்களே உயிரோடு இருந்தது. தக்க மருத்துவ உதவி கிடைக்கவில்லை.

அந்நாளில் மகப்பேறு எப்படி நடந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பிரசவம் என்பது தீட்டாகக் கருதப்பட்டது. வீட்டின் ஒதுக்குப்புறத்தில், காற்றும் வெளிச்சமும் நுழையாத அறையில் தாயையும் சேயையும் வைத்திருந்தனர். முறையான பயிற்சி பெறாத மருத்துவச்சியே துணை. ஊரில் ஆங்கில மருத்துவர் இருந்தாலும் அவர் ஆண். எனவே பெண்ணின் உடலைப் பரிசோதிக்க அவருக்கு அனுமதி கிடையாது. கணவரோ மாமியாரோ வந்து நோயின் குறிகளைச் சொல்வார்கள். மருத்துவர் கேட்டறிந்து மருந்து கொடுத்தனுப்புவார். மருத்துவர் தம்மைக் காண்பதைவிடச் சாவதே மேல் என்று எண்ணிய பெண்கள் ஏராளம். பிரசவம் பார்ப்பவர் கைகளைக் கழுவினால் தாய்மார்களின் சாவு குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-இலேயே காட்டியிருந்தார். ஐரோப்பிய மருத்துவர்களே அதை ஏற்கத் தயங்கினார்கள் என்றால், மராட்டிய நாட்டின் இருண்ட பிரசவ அறைக்கு அந்தச் செய்தி எப்போது வந்து சேரும்?

இறந்த மகனுக்காக ஆனந்தி எத்தனை நாள் அழுதார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அந்தத் துயரம் அழுகையோடு நிற்கவில்லை. பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்க்கும் நாள் வர வேண்டும், தாமே மருத்துவராக வேண்டும் என்ற உறுதி அவருள் பிறந்தது. மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, புத்தகமும் ஆசிரியரும் இல்லாத அந்த அறையில், ஆனந்தியின் மருத்துவக் கல்வி தொடங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

முகம் அறியாத நட்பு

மனைவியை மேற்படிப்புக்கு அமெரிக்கா அனுப்ப விரும்பிய கோபால்ராவ், அங்கிருந்த வைல்டர் என்னும் பாதிரியாருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். கோலாப்பூரில் நெடுங்காலம் பணியாற்றிய வைல்டர் அப்போது பிரின்ஸ்டன் நகரில் ஒரு கிறிஸ்தவ சமயப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். கிறிஸ்தவராக மாறினால் உதவி கிடைக்கும் என்பதே அவருடைய பதிலின் சாரம். கணவன் மனைவி இருவரும் அதற்கு இசையவில்லை. வைல்டர் இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார். அத்துடன் விஷயம் முடிந்துவிட்டதாகத்தான் எவருக்கும் தோன்றியிருக்கும்.

நியூஜெர்சி மாநிலத்தில் ரோசெல் என்ற சிற்றூர். அங்கு வாழ்ந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்ற இல்லத்தரசி ஒருநாள் பல் மருத்துவரிடம் சென்றிருந்தார். தமது முறைக்காகக் காத்திருந்தபோது அங்கே கிடந்த பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினார். அது வைல்டரின் பத்திரிகை. உலகின் மறுகோடியில் ஒரு பெண் படிக்கத் துடிக்கிறாள் என்ற செய்தி அவரது நெஞ்சைத் தொட்டது. அவர் ஆனந்திபாய்க்குக் கடிதம் எழுதினார். ஆனந்திபாய் பதில் எழுதினார். மதமாற்றம் பற்றிய பேச்சு எதுவும் இல்லாமல் இரண்டு பெண்களிடையே அன்பு வளர்ந்தது. பெண்கள் நிலை, இளவயதுத் திருமணம், இரு நாடுகளின் பழக்கவழக்கங்கள் என்று கடிதங்கள் நீண்டன. ஆனந்திபாய் அந்த அம்மையாரைத் தம் தாயின் உடன்பிறந்தவராகவே பாவித்து வந்தார்.

கல்கத்தாவில் இருந்தபோது ஆனந்தியின் உடல்நிலை கெட்டது. தலைவலி, காய்ச்சல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றால் அவர் தளர்ந்தார். இதை அறிந்த தியோடிசியா அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்துகளை அனுப்பி வைத்தார். பின்னால் நேரப்போவதை அறிந்த நமக்கு இந்தச் செய்தி சாதாரணமாகப் படவில்லை. ஆனந்திபாய் கப்பலேறும்போதே முழு ஆரோக்கியத்துடன் இருக்கவில்லை.

ஆறு கேள்விகள்

1883-இல் கோபால்ராவ் செராம்பூருக்கு மாற்றப்பட்டார். தம்பதியர் இருவரும் சேர்ந்து செல்வதற்குப் போதிய பணமில்லை. கோபால்ராவை நம்பி வயதான பெற்றோரும் தம்பி தங்கையரும் இருந்தனர். ஆகவே ஆனந்தி மட்டும் செல்வது என்று முடிவாயிற்று. தோர்பர்ன் என்ற மருத்துவத் தம்பதியர், பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமாறு ஆலோசனை கூறினர்.

செய்தி பரவியதும் எதிர்ப்புக் கிளம்பியது. வைதிகர்கள் கடல் கடப்பதைக் கண்டித்தனர். கிறிஸ்தவ வட்டாரத்தில் சிலர், மதம் மாறாமல் இவள் ஏன் போகிறாள் என்று கேட்டனர். எங்கே திரும்பினாலும் கேள்விகள். அவற்றை ஆறு கேள்விகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் வெளிப்படையாகப் பதில் சொல்லத்தான் ஆனந்திபாய் செராம்பூர் கல்லூரி மண்டபத்துக்கு வந்தார். அமெரிக்காவுக்கு ஏன் செல்ல வேண்டும்? இந்தியாவிலேயே கற்க வழியில்லையா? தனியாக ஏன் செல்ல வேண்டும்? திரும்பி வந்தால் சாதியிலிருந்து விலக்கமாட்டார்களா? அங்கே துன்பம் ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்வது? இதுவரை எந்தப் பெண்ணும் செய்யாததை நீ மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு அவர் அளித்த பதிலில் நம் சென்னையும் இடம்பெறுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லிப் முதலிய பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. பிற மாகாணங்களில் மகப்பேற்று வகுப்புகள் நடந்தன. இவற்றை ஆனந்திபாய் அறிந்திருந்தார். ஆனால் அந்தக் கல்வி போதுமானதன்று என்றும், கற்பிக்கும் ஆடவர்களிடம் பழமைப் பிடிப்பும் ஓரளவு பொறாமையும் உள்ளன என்றும் அவர் தயங்காமல் கூறினார். மேலும் தாம் கிறிஸ்தவரும் அல்லர், பிரம்ம சமாஜத்தவரும் அல்லர் என்பதையும், ஓர் இந்துப் பெண் இந்துவாகவே இருந்துகொண்டு இந்நாட்டில் பள்ளிக்குச் செல்வது எவ்வளவு கடினம் என்பதையும் எடுத்துரைத்தார். பம்பாய்த் தெருவில் தம்மீது விழுந்த கற்களைப் பற்றி அவர் பேசியதும் அந்த மேடையில்தான். சொந்த நாட்டில் தம் தர்மத்தோடு கற்பது கடினம், அயல்நாட்டில் அது எளிது என்று ஒரு பெண் நினைக்கும் நிலைமை இருந்தது என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று அவையோருக்குப் புரிந்திருக்கும்.

சாதி விலக்குக்குத் தாம் அஞ்சவில்லை என்றார். இங்கே வாழ்வது போலவே அங்கேயும் உடை, உணவு, பழக்கம் எதையும் மாற்றாமல் வாழப்போவதால் விலக்குவதற்குக் காரணமே இராது என்பது அவரது வாதம். துன்பத்தைப் பற்றிய கேள்விக்கு, வராத துன்பத்தை முன்கூட்டியே எண்ணிப் பெரிதாக்கிக்கொள்வது பிழை என்ற கருத்தில் விடையளித்தார்.

இந்த உரை நாடெங்கும் பேசப்பட்டது. பல பகுதிகளிலிருந்தும் நன்கொடைகள் வந்தன. வைஸ்ராயும் 200 ரூபாய் அளித்தார். 1883 ஏப்ரல் 7-ஆம் நாள் கல்கத்தாவில் கப்பலேறிய ஆனந்திபாய், சுமார் இரண்டு மாதப் பயணத்துக்குப் பின் ஜூன் மாதத்தில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். அதுவரை கடிதத்தில் மட்டுமே அறிந்திருந்த தியோடிசியா அம்மையார் கரையில் காத்திருந்தார்.

பிலடெல்பியாவில்

அந்தக் கோடைக்காலம் ரோசெலில் கழிந்தது. பின்னர் ஆனந்திபாய் பிலடெல்பியா கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினார். நண்பர்களும் சமூகத்தாரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தபோதும் தம்மை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த மனவுறுதி, கல்வியை முடிக்கவும் துணைசெய்யும் என்பதை அதில் தெரிவித்திருந்தார். ஆண் மருத்துவரிடம் செல்வதைவிட இறப்பதையே விரும்பும் தம் நாட்டுப் பெண்களுக்கு உண்மையான மருத்துவ உதவி அளிப்பதே தமது நோக்கம் என்றும் எழுதியிருந்தார். தம் தகுதியைப் பற்றிய பெருமைப் பேச்சு அதில் இல்லை. கல்லூரி முதல்வர் ரேச்சல் பாட்லி அம்மையார் அவரைச் சேர்த்துக்கொண்டார். மூன்றாண்டுகளுக்கு 600 டாலர் உதவித்தொகையும் வழங்கப்பட்டது.

அந்தக் கல்லூரியின் வரலாறும் சாதாரணமானதன்று. பெண்கள் மருத்துவம் கற்பதற்கென்றே 1850-இல் தொடங்கப்பட்டது அது. 1869-இல் அதன் மாணவியர் பென்சில்வேனியா மருத்துவமனைக்குப் பாடம் கேட்கச் சென்றபோது ஆண் மாணவர்கள் கூச்சலிட்டு, காகித உருண்டைகளை எறிந்து அவமதித்தனர். பம்பாய்த் தெருவுக்கும் பிலடெல்பியா வகுப்பறைக்கும் இடையே தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவுதான். இந்தக் கல்லூரிக்கும் இந்தியாவுக்கும் ஏற்கெனவே தொடர்பு இருந்தது. இங்கே பயின்ற கிளாரா ஸ்வெயின் 1870-இல் பரேலிக்கு வந்து பெண்களுக்கு மருத்துவம் செய்தார். மற்றொரு பழைய மாணவியான அன்னா குக்ளர் 1883-இல், அதாவது ஆனந்திபாய் அமெரிக்கா சென்ற அதே ஆண்டில், குண்டூருக்கு வந்தார். அவர்களின் தொண்டு பெரிது. எனினும் நம் பெண்களின் நோயறிய நம் வீட்டுப் பெண் ஒருத்தியே கற்று வர வேண்டும் என்பது ஆனந்திபாயின் கனவு.

உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல், மருந்தியல், அறுவை மருத்துவம், மகப்பேறு என்று பாடங்கள் நீண்டன. தாய்மொழியன்றிப் பிற மொழியில் கற்க வேண்டும். சடலத்தைத் தொட்டால் தீட்டு என்று கருதும் மரபில் வளர்ந்தவர், அறுத்துப் பார்த்தே உடற்கூற்றைக் கற்க வேண்டும். இது பற்றி அவருள் எழுந்த போராட்டம் எதுவாயினும், படிப்பில் அவர் பின்வாங்கவில்லை.

உணவில் அவர் தம் வாக்குறுதியைக் காத்தார், புலால் உண்ணவில்லை. ஒன்பது கஜச் சேலை கெண்டைக்காலை மறைக்காததால் பிலடெல்பியாவின் குளிர் தாக்கியது. எனவே கால் வரை மறைக்கும் குஜராத்தி முறையில் சேலை அணியத் தொடங்கினார். மேலைநாட்டுக் கவுனுக்கு மாறவில்லை.

அக்கல்லூரியில் 1885 அக்டோபர் 10-ஆம் நாள் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று இன்றும் பலராலும் பார்க்கப்படுகிறது. மூன்று மாணவியர் தத்தம் நாட்டு உடையில் அமர்ந்திருக்கிறார்கள்: இந்தியாவின் ஆனந்திபாய், ஜப்பானின் ஒகாமி கெய்கோ, சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி. ஒகாமி 1889-இலும் இஸ்லாம்பூலி 1890-இலும் பட்டம் பெற்றனர். உலக நலம் என்ற சொல் இப்போது மாநாடுகளில் அதிகமாகக் கேட்கிறது. அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே, மூன்று மொழிகள் பேசும், மூன்று வேறு சமயங்களில் வளர்ந்த இளம்பெண்கள் ஒரே பாடத்தை ஒரே அறையில் அமர்ந்து கற்றார்கள்.

ஆய்வுக் கட்டுரை

பட்டம் பெறுவதற்கு மாணவியர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஆனந்திபாய் தேர்ந்தெடுத்த பொருள், இந்துக்களிடையே வழங்கிய மகப்பேற்று மருத்துவம். ஆயுர்வேத நூல்கள் கர்ப்பிணிகளுக்கும் பிரசவத்துக்கும் கூறும் விதிகளையும், அமெரிக்கப் பாடநூல்களில் தாம் கற்றவற்றையும் அதில் எடுத்தாண்டார்.

இந்தத் தேர்வை நாம் கவனிக்க வேண்டும். அந்நாளில் அமெரிக்கா சென்ற ஓர் இந்திய மாணவி, ஆசிரியர்களை மகிழ்விக்க விரும்பியிருந்தால், தம் நாட்டு மருத்துவத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டுப் புதிய மருத்துவத்தைப் புகழ்ந்து எழுதியிருக்கலாம். அல்லது பெருமிதத்தால் உந்தப்பட்டு, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று எழுதியிருக்கலாம். பத்து நாளில் மகனை இழந்த தாய்க்கு இரண்டுமே போதாது. முன்னோர் எழுதிவைத்தது என்ன, இன்றைய அறிவு சொல்வது என்ன என்று இரண்டையும் அறிந்தாலொழிய, கோலாப்பூரிலும் கல்யாணிலும் இருக்கும் ஒரு மாமியாரிடம் பிரசவ அறையின் கதவைத் திறக்கச் சொல்ல முடியாது. நோயாளியின் வீட்டு மொழியில் பேசத் தெரியாத மருத்துவர் எத்தனை கற்றும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

1886-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் பட்டமளிப்பு விழா. உலகின் பாதியைச் சுற்றி அமெரிக்கா வந்து சேர்ந்திருந்த கோபால்ராவ் விழாவில் இருந்தார். உறவினரான பண்டித ரமாபாய் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். இருபத்தோராம் வயதை எட்ட இருபது நாட்கள் இருக்கும்போது ஆனந்திபாய் மருத்துவப் பட்டம் பெற்றார். விக்டோரியா அரசியாரிடமிருந்தும் வாழ்த்துச் செய்தி வந்தது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைக் கொண்டு உதவி அளிக்கும் நோக்கத்துடன் டஃப்ரின் சீமாட்டி நிதி அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1885-இல், தொடங்கப்பட்டிருந்தது. தேவை எவ்வளவு பெரிது என்பதை அரசாங்கமும் உணரத் தொடங்கிய நேரம் அது.

நோயாளியான மாணவி

மகிழ்ச்சியை மட்டும் சொல்லி நிறுத்தினால் உண்மையை மறைத்ததாகும். பிலடெல்பியா வாழ்க்கை ஆனந்திபாயின் உடலை அரித்துக்கொண்டிருந்தது. அவர் தங்கியிருந்த அறையில் கணப்பு சரியாக இல்லை. மூட்டினால் அறை புகையால் நிரம்பும். மூட்டாவிட்டால் குளிர் எலும்பைத் துளைக்கும். பழக்கமான உணவு கிடைக்கவில்லை; படிப்புக்கிடையே தாமே சமைக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே பலவீனமான உடல். முடிவில் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது.

காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்து பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24-ஆம் நாள். ஆனந்திபாய் கப்பலேறுவதற்கு ஓராண்டு முன்பு. நோயின் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் அறிந்தும் காக்க இயலாத அந்த அறுபது ஆண்டு இடைவெளியில் மறைந்தவர்கள் எண்ணிலடங்கார். இன்று மருந்து உண்டு. இருந்தும் 2023-இல் உலகெங்கும் சுமார் 12.5 லட்சம் பேர் காசநோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவ்வாண்டில் புதிதாக நோயுற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர்.

ஆனந்திபாயின் உடல்நலக் கேட்டை விரதம் போலவும் வேள்வி போலவும் வர்ணிப்பவர்கள் உண்டு. அவருடைய தியாகத்தில் எமக்கும் ஐயமில்லை. ஆனால் புகைமண்டிய அறை வேள்வியன்று. அதைச் சரிசெய்திருக்கலாம். நல்ல உணவுக்கு ஏற்பாடு செய்திருக்கலாம். பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது, கொண்ட வாக்கு தவறக் கூடாது என்று அவர் பொறுத்துக்கொண்டார். அருகிலிருந்தவர்களும் போதிய அளவு கேட்டறியவில்லை. தூக்கத்தையும் உணவையும் துறந்து படிப்பதைத் தகுதியாக எண்ணும் பழக்கம் மருத்துவ மாணவர்களிடையே இன்றும் இருக்கிறது. பிறர் உடலைக் காக்கக் கற்பவர் தம் உடலைப் புறக்கணித்தால், இழப்பு அவருக்கு மட்டுமன்று. ஆனந்திபாயின் கைகளுக்காகக் காத்திருந்த எத்தனையோ தாய்மார்கள் இழந்ததை யார் கணக்கிட முடியும்?

திரும்பி வந்தவர்

பட்டம் பெற்ற ஆண்டிலேயே கோலாப்பூர் சமஸ்தானம் அவருக்கு அழைப்பு விடுத்தது. அங்குள்ள ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு மருத்துவராக அவர் நியமிக்கப்பட்டார். சில ஆண்டுகளுக்கு முன் எழுத்தரின் இளம் மனைவியாக அவர் வாழ்ந்த அதே ஊர்.

1886 இறுதியில் கணவருடன் பம்பாயில் வந்திறங்கியபோது ஆனந்திபாய் மிகவும் நலிந்திருந்தார். கடல் கடந்தவர் என்று ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவரைக் காண மக்கள் ஆவலோடு வந்தனர். செராம்பூரில் கேட்கப்பட்ட நான்காவது கேள்விக்கு நாடே பதில் சொல்லிவிட்டது.

அவர் பூனாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தம் நோயின் போக்கு எப்படியிருக்கும் என்பது, படித்தறிந்த மருத்துவரான அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கோலாப்பூருக்குப் போய்ப் பொறுப்பேற்கும் நாள் வரவேயில்லை. 1887-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் இரவு அவர் உயிர் பிரிந்தது. செராம்பூர் மண்டபத்தில் பேசி நான்காண்டுகளும் இரண்டு நாட்களும் ஆகியிருந்தன. இருபத்திரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அதே 1887-இல் பண்டித ரமாபாய் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி எழுதிய ஆங்கில நூல் பிலடெல்பியாவில் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர், ஆனந்திபாயைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்ட ரேச்சல் பாட்லி அம்மையார். மறுஆண்டு கரோலின் டால் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆனந்திபாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் காசிபாய் கானிட்கர் மராட்டியில் எழுதிய வரலாறு, அவர் பட்ட அடிகளையும் மறைக்காமல் பதிவு செய்தது.

ஆனந்திபாயின் அஸ்தியைக் கோபால்ராவ் அமெரிக்காவிலிருந்த தியோடிசியா அம்மையாருக்கு அனுப்பி வைத்தார். நியூயார்க் மாநிலத்தில் பொகிப்சி என்னும் ஊரில் உள்ள தம் குடும்ப இடுகாட்டில், தம் உறவினர்களின் கல்லறைகளுக்கு நடுவே, அவர் அதை அடக்கம் செய்தார்.